பர்தா பார்வைக்குத்தான், வெயிலுக்கு அல்ல!

 

ஓமந்தை என்ற பெயரைக் கேட்டதும், வன்னியில் கொஞ்சம் வயது போனவர்களுக்கு நினைவில் எழுவது வெயில்தான். 2002ஆம் ஆண்டு ஏ9 வீதி திறக்கப்பட்டபோது, வவுனியாவிலிருந்து வடக்கே போனவர்களும் வடக்கிலிருந்து வந்தவர்களும் ஓமந்தைச் சாவடியில் இறங்கி, பொதிகளைச் சுமந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் தமது வீடு வாசலைப் பார்த்துவரப் புறப்பட்ட நமது தாய்மாரும் அந்த வரிசையில் நின்றார்கள். இன்று அந்தச் சாவடி இல்லை. வெயில் மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்றும் அப்பக்கத்து வயல்களிலும் தோட்டங்களிலும் பெண்கள் கச்சான் பிடுங்குகிறார்கள், உளுந்து பிடுங்குகிறார்கள், களை எடுக்கிறார்கள். கணவனுடைய நீட்டுக்கைச் சேட்டைப் போட்டு, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் காய்கிறார்கள். அங்கிருந்து சில மைல் தள்ளி, வவுனியா நகரத்து வீடுகளுக்குள், கிழமைக் கணக்கில் உடம்பில் வெயிலே படாத நமது சகோதரிகள் இருக்கிறார்கள். ஒரே வானம், ஒரே சூரியன். ஒருத்திக்கு மிதமிஞ்சிய வெயில். மற்றவளுக்கு ஒரு துளியும் இல்லை. இருவருக்கும் இதனால் கேடு வருகிறது.

"வெயில் தோலுக்கு நல்லதா, கெட்டதா ஹஸரத்?" என்று கேட்கிறார்கள். அளவோடு பட்டால் நல்லது. அளவு தப்பினால் கெட்டது. அந்த அளவை அறிவதற்கு அல்லாஹ் நமது காலடியிலேயே ஒரு கருவியை வைத்திருக்கிறான். ஸூரத்துல் ஃபுர்கானின் 45ஆம் வசனத்தில், நிழலை எப்படி நீட்டுகிறான் என்று பார்க்கச் சொல்லி, சூரியனை அந்த நிழலுக்கு வழிகாட்டியாக ஆக்கியதைக் கூறுகிறான். அந்த நிழலைக் கொண்டு அளக்கும் விதத்தைப் பின்னர் பார்ப்போம்.

தோல் செய்யும் வேலை

நாம் உண்ணும் உணவிலுள்ள கல்சியம் எலும்பில் போய்ச் சேர வேண்டுமானால் விற்றமின் டீ வேண்டும். சாளை, சூரை போன்ற மீன்களிலும் டின்மீனிலும் முட்டை மஞ்சட்கருவிலும் அது ஓரளவு உண்டு. ஆனால் பெரும் பங்கு உணவிலிருந்து கிடைப்பதில்லை. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர் தோலில் படும்போது, தோலிலுள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் அந்த விற்றமினாக மாறுகிறது. பின்னர் ஈரலும் சிறுநீரகமும் அதனை உடம்பு பயன்படுத்தக்கூடிய நிலைக்குக் கொண்டுவருகின்றன. மாவரைக்கும் ஆலை வைத்திருப்பவன்கூட மின்சாரத்துக்குக் காசு கட்ட வேண்டும். நமது ரப்போ தோலுக்குள்ளேயே ஓர் ஆலையை வைத்து, அதற்கான ஒளியையும் இலவசமாகத் தந்திருக்கிறான்!

ஆனால் அந்தக் கதிர் கண்ணாடி யன்னலைத் தாண்டி வராது. தடித்த துணியையும் தாண்டாது. யன்னலோரம் அமர்ந்து வெயில் காய்ந்தால் உடம்பு சுடும். எலும்புக்கு எதுவும் கிடைக்காது.

1919இல் ஜேர்மனியின் பேர்லின் நகரில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற டொக்டர், கால் வளைந்த பிள்ளைகளுக்குப் புறஊதா விளக்கின் ஒளியைக் காட்டியே எலும்பைத் தேற்றினார். அந்த நோய்க்குப் பெயர் ரிக்கட்ஸ். பிள்ளை நடக்கப் பிந்தும்; கால்கள் வில்லாக வளையும்; கைக்குழந்தையானால் சிலவேளை வலிப்பும் வரும். பெரியவர்களுக்கு வந்தால் எலும்பு இளகும். இடுப்பும் தொடையும் உளையும். தரையில் இருந்து எழும்ப முடியாது.

சகோதரிகளே! ஸுஜூதிலிருந்து எழும்பக் கஷ்டப்பட்டு, கதிரையில் தொழத் தொடங்கிய உம்மாமார் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். "வயசு போனால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். எல்லாருக்கும் வயதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. சிலருக்கு இந்தக் குறையும் காரணமாக இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் அறியக்கூடிய, மருந்தால் சரிசெய்யக்கூடிய குறை இது.

காஷ்மீரில் கண்ட உண்மை

ஏறத்தாழ நூறு வருடங்களுக்கு முன் காஷ்மீரின் ஸ்ரீநகரில், பெண்கள் வைத்தியசாலையொன்றுக்குப் பொறுப்பாக கத்லீன் வோன் என்ற ஆங்கிலேயப் பெண் டொக்டர் இருந்தார். நகரத்து வசதியான வீடுகளில், உள்ளறைகளிலேயே வாழ்ந்த பெண்கள் பிரசவத்தில் படும் பாட்டை அவர் கண்டார். வெயில் படாமல் எலும்பு இளகி, இடுப்பெலும்பு குறுகிப்போனதால் பிள்ளை வெளிவர வழியில்லை. எத்தனையோ தாய்மாரும் சிசுக்களும் மாண்டார்கள். அதே ஊரில் ஆற்றிலும் ஏரியிலும் தோணிகளில் குடியிருந்த ஏழைப் பெண்களோ இலகுவாகப் பிள்ளை பெற்றார்கள். துடுப்புப் போட்டு, தண்ணீர் சுமந்து, திறந்த வெளியில் உழைத்தவர்கள் அவர்கள். தாம் கண்டதை அவர் 1928இல் ஒரு நூலாக வெளியிட்டு, பர்தா முறையே இதற்குக் காரணம் என்று எழுதினார்.

அந்தச் சகோதரி கண்ட காட்சி உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவை மட்டும் நாம் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தோணியில் வாழ்ந்த அந்தப் பெண்களும் முஸ்லிம்கள்தாமே! அவர்களும் அதே கலிமாவைச் சொன்னவர்கள்தாமே! அப்படியானால் நோய் மார்க்கத்திலிருந்து வந்ததா, இருட்டறையிலிருந்து வந்ததா? பெண்களை உள்ளறையில் அடைத்து வைப்பதைக் கௌரவமாக நினைத்த வழக்கம், அன்றைய வட இந்தியாவில் வசதியான இந்துக் குடும்பங்களிலும் இருந்தது. அது அந்தஸ்தின் சட்டம். ஷரீஅத்தின் சட்டம் அல்ல.

இது பழைய கதை என்றும் தள்ளிவிட முடியாது. 1962இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குடியேறியிருந்த பாகிஸ்தானியக் குடும்பங்களில் இதே நோய்கள் இருப்பதை டொக்டர்கள் அறிவித்தார்கள். அங்கே வெயில் குறைவு என்று சொல்லலாம். ஆனால் வெயில் கொளுத்தும் அரபு நாடுகளிலும் பெண்களிடம் இந்த விற்றமின் குறைவு பரவலாகக் காணப்படுகிறதே! வானத்தில் வெயில் இருந்தால் போதாது. தோலில் பட வேண்டும்.

மார்க்கம் எதை மறைக்கச் சொல்கிறது?

ஸூரத்துந் நூரின் 31ஆம் வசனத்தைச் சற்று ஆழ்ந்து பாருங்கள். ஒரு முஃமினான பெண் தன் அலங்காரத்தை யாரிடமிருந்து மறைக்க வேண்டும், யார் முன் மறைக்கத் தேவையில்லை என்று அல்லாஹ் பட்டியலிட்டுச் சொல்கிறான். கணவன், தந்தை, மகன், சகோதரன், பெண்கள் என்று அது நீள்கிறது. அந்த வசனம் முழுவதும் பேசுவது மனிதரின் பார்வையைப் பற்றி. சூரியனின் கதிரைப் பற்றி அல்ல. அந்நிய ஆணின் பார்வை படாத சொந்த முற்றத்தில் முழங்கை வரை கையையும் முழங்கால் வரை காலையும் வெயிலில் காட்டுவதை எந்த இமாம் தடுத்தார்?

அதே ஸூராவின் 60ஆம் வசனம், திருமண நாட்டமற்ற முதிய பெண்கள், அலங்காரத்தை வெளிக்காட்டாத நிலையில், மேலாடையைக் களைந்திருப்பதில் குற்றமில்லை என்று சலுகை தருகிறது. பேணிக்கொள்வது சிறந்தது என்றும் சொல்கிறது. எலும்பு தேயும் வயதில் இருப்பவர்களும் அவர்களே. நாமோ அவர்களைத்தான் அறைக்குள் அதிகமாக ஒதுக்கி வைக்கிறோம்!

ஸஹாபாப் பெண்கள் வெயில் படாமல் வாழவில்லை. அபூபக்கர் (ரழி) அவர்களின் மகள் அஸ்மா (ரழி), கணவர் ஸுபைர் (ரழி) அவர்களின் நிலத்திலிருந்து பேரீச்சங் கொட்டைகளைத் தலையில் சுமந்து நெடுந்தூரம் நடந்து வந்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

இத்தாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கணவன் மௌத்தானதும் அந்தத் தாயை ஓர் அறையில் இருத்தி, யன்னலுக்குச் சீலை கட்டி, வானத்தைப் பார்க்காதே, முற்றத்துக்கு இறங்காதே என்று நான்கு மாதமும் பத்து நாளும் வைத்திருக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. ஷரீஅத் அவளுக்குச் சொன்னது என்ன? வீட்டில் தங்கியிரு, அலங்காரத்தையும் நறுமணத்தையும் தவிர், இத்தா முடியும்வரை மறுமணம் செய்யாதே. முற்றமும் கிணற்றடியும் வீட்டைச் சேர்ந்தவை அல்லவா? ஜாபிர் (ரழி) அவர்களின் தாயின் சகோதரி தலாக்கின் இத்தாவில் இருந்தபோது, தமது பேரீச்சை மரங்களில் காய் பறிக்கப் புறப்பட்டார். ஒருவர் அதட்டித் தடுத்தார். நபி (ஸல்) அவர்களோ போய்ப் பறிக்கும்படி அனுமதித்தார்கள். அதிலிருந்து தர்மமும் நன்மையும் செய்யலாமே என்றார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. விதவையின் இத்தாவில் சட்டங்கள் கூடுதல்தான். ஆயினும் இருட்டறை எந்த இத்தாவிலும் சட்டமாகச் சொல்லப்படவில்லை. அறுபது வயதுத் தாயை ஏறத்தாழ 130 நாள் இருட்டில் வைத்துவிட்டு, பின்னர் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது பேணுதலா, அநியாயமா?

பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் கதவடைத்து வைப்பதும் இதே போன்றதே. தாய்ப்பால் சத்து நிறைந்தது; ஆனால் அதில் விற்றமின் டீ மிகக் குறைவு. தாயிடமே அது இல்லாதபோது பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

நிழலை அளந்து பாருங்கள்

வெயிலில் போய் நில்லுங்கள். உங்கள் நிழல் உங்களை விட நீளமாக இருந்தால், தோலைச் சுடும் கதிரும் குறைவு. விற்றமினை உண்டாக்கும் கதிரும் குறைவு. இரண்டும் பெரும்பாலும் ஒரே கதிர்தான். நிழல் உங்களை விடக் குட்டையானால் இரண்டும் கூடும். காலை ஆறரை, ஏழு மணி இளவெயில் உடம்புக்கு இதமானது. எலும்புக்கு அதில் கிடைப்பது மிகச் சொற்பம்.

நமது பகுதியில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்நாட்களில் நண்பகலில் நட்ட கம்புக்கு நிழலே இராது. அப்போது காலை ஒன்பதேகாலளவில் நிழல் ஆளின் உயரத்துக்குக் குறைந்து, பிற்பகல் மூன்றேகாலளவில் மீண்டும் ஆளளவு நீளும். ஷாபிஈ மத்ஹபின்படி அஸர் நுழைவதும் ஏறத்தாழ அந்நேரமே. டிசம்பரில் இந்த நேரம் சுருங்கும். காலை பத்து மணியளவில் தொடங்கி பிற்பகல் இரண்டு மணியோடு முடிந்துவிடும். உச்சியிலும் கொஞ்சம் நிழல் எஞ்சியிருந்து அதையும் சேர்த்துக் கணக்கிடுவதால், அம்மாதங்களில் அஸர் சற்றுப் பிந்தி வரும்.

எனவே நிழல் குட்டையாகத் தொடங்கிய பின், உச்சி ஏறுமுன், கிழமைக்கு இரண்டு மூன்று நாள், பதினைந்து முதல் முப்பது நிமிடம் வரை கைகால்களில் வெயில் படட்டும். நமது மாநிறத் தோலுக்கு வெள்ளைக்காரரை விடக் கூடுதல் நேரம் தேவை. முகத்துக்கு முந்தானையால் நிழல் கொடுங்கள்; முகத்தில் மங்கு படர வெயிலும் ஒரு காரணம். தோல் காந்தத் தொடங்கினால் உடனே உள்ளே வந்துவிடுங்கள். ஓர் அளவுக்கு மேல் தோல் விற்றமினை உண்டாக்குவதில்லை. அதன்பின் நிற்பது எரிவதற்கு மட்டுமே.

ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளையை நேர் வெயிலில் கிடத்த வேண்டாம். பிரித்தானியாவில் தாய்ப்பால் குடிக்கும் சிசுக்களுக்குச் சொட்டு மருந்தும், உடம்பை மூடி உடுப்பவர்களுக்கு வருடம் முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரையும் எடுக்கும்படி சுகாதாரத் துறையே சொல்கிறது. இங்கும் கிளினிக்குக்குப் போகும்போது டொக்டரிடம் கேளுங்கள். பிறந்த பிள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் "வெயில் காட்டினால் சரி" என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். பெரியவர்களும் கேள்விப்பட்ட ஊசியையும் மாத்திரையையும் தாமாக வாங்கிப் பாவிக்க வேண்டாம். விற்றமின் டீ மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறி, சிறுநீரகம் பழுதாகும்.

அளவு மீறினால்

இனி அந்த வயற்காட்டுச் சகோதரிகளிடம் வருவோம். ஒருவர் வெயிலில் நிற்பேன், நிழலில் ஒதுங்கமாட்டேன், பேசமாட்டேன், நோன்பிருப்பேன் என்று நேர்ச்சை வைத்து நின்றார். நபி (ஸல்) அவர்கள் அவரை உட்காரவும் நிழல் எடுக்கவும் பேசவும் சொல்லி, நோன்பை மட்டும் நிறைவேற்றச் சொன்னார்கள். புகாரியில் பதிவான செய்தி. கடும் வெப்பத்தில் ளுஹரைச் சற்றுக் குளிர்ந்ததும் தொழும்படியும் வழிகாட்டினார்கள். வெயிலில் வேகுவது இபாதத்தாகாது. 2024 ஹஜ்ஜில் கடும் வெப்பத்தில் 1301 பேர் மரணமானார்கள் என்று சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் ஒதுங்க நிழலின்றி நெடுந்தூரம் வெயிலில் நடந்தவர்கள்.

வருடக் கணக்கில் சுட்ட வெயில் தோலைச் சுருக்கி முதுமையாக்கும். கண்ணில் புரையை விரைவுபடுத்தும். தோற்புற்று நம் நிறத்தவருக்குக் குறைவு என்றாலும் இல்லாமலில்லை. பல கிழமையாக ஆறாத புண், பருத்துவரும் மச்சம், உள்ளங்காலில் புதிதாகத் தோன்றிய கரும்புள்ளி ஆகியவற்றை டொக்டரிடம் காட்டுங்கள். பிறவியிலேயே நிறமின்றி வெளுத்த தோலும் முடியும் உள்ள பிள்ளைகளை எப்போதும் வெயிலிலிருந்து காக்க வேண்டும். லூபஸ் நோயுள்ள பெண்களுக்கும் வெயில் ஆகாது. இவர்களுக்கு விற்றமினை மருந்தாகவே கொடுப்பார்கள்.

இன்னுமொன்று: எலிக்காய்ச்சல் வராமலிருக்க வயல் வேலைக்காரருக்கு டொக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுக்கிறார்கள். அவசியமானது, நிறுத்தக் கூடாது. ஆனால் அதை எடுக்கும் நாட்களில் தோல் வழமையைவிட இலகுவாக வெந்துபோகும். அப்போது உடம்பை மூடி உழைப்பதில் கூடுதல் கவனம் வேண்டும்.

ஸுபஹுக்குப் பின் வேலையைத் தொடங்கி, நிழல் குட்டையானதும் பாலை மரத்தடிக்கு ஒதுங்கி, அஸருக்குப் பின் மீண்டும் இறங்குவது நல்ல ஒழுங்கு. கூலி வேலையில் அதற்கு வழியில்லாவிட்டால், நெருக்கமாக நெய்த நீட்டுக்கைச் சட்டையும், முக்காட்டின் மேல் அகன்ற தொப்பியும், நிறையத் தண்ணீரும் துணை. விலை கூடிய கிறீமைவிடத் துணியே சிறந்த காப்பு. கூலிக்கு ஆள் பிடிக்கும் நம்மவர்களே! உச்சி வேளையில் அவர்களுக்கு நிழலில் ஓய்வு கொடுங்கள். அவர்கள் எந்த மதத்தவராயினும் அது உங்கள் பொறுப்பு.

கறுத்துப் போனால் என்ன?

"வெயிலில் நிற்காதே, கறுத்துப்போவாய், மாப்பிள்ளை கிடைக்காது" என்று சொல்லும் தாய்மார் எத்தனை பேர்! உங்கள் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது தன் அத்தாட்சி என்று அல்லாஹ் ஸூரத்துர் ரூமில் (30:22) கூறுகிறான். அல்லாஹ்வின் அத்தாட்சியை நாம் குறையாக எண்ணலாமா? வெயிலுக்குப் பயந்த பிள்ளை அடுத்துப் போய் நிற்பது வெள்ளையாக்கும் கிறீமிடம். பெயர் முகவரி இல்லாத சில கிறீம்களில் பாதரசம் கலந்திருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிலவற்றில் ஸ்டீரொயிட் மருந்து இருக்கிறது. அது தோலை மெலியச் செய்யும். எலும்பையும் கொடுத்து, சிறுநீரகத்தையும் கொடுத்து வாங்கும் வெள்ளை நமக்கு எதற்கு?

கடைசியாக ஆண்களிடம் ஒரு வார்த்தை. இந்தப் பக்கங்களை உங்கள் வீட்டுப் பெண்கள் உங்களுக்கும் வாசித்துக் காட்டட்டும். முன்னர் வன்னியில் ஏழையின் வளவிலும் ஆள் உயரத்துக்குக் கிடுகு வேலி இருந்தது. உள்ளே பெருமுற்றம் இருந்தது. பர்தாவும் பேணப்பட்டது, வெயிலும் கிடைத்தது. இன்று ஐந்து பேர்ச் காணியில் மதிலிலிருந்து மதில் வரை கொங்கிறீட் போட்டுவிட்டு, பெண்களை யன்னலுக்குள் வைத்திருக்கிறோம். வீடு கட்டும்போது ஒரு சிறு முற்றத்தை விடுங்கள். இடமில்லையானால் மொட்டை மாடியில் ஆளுயர மறைப்புக் கட்டுங்கள். பெண்கள் அரபுக் கல்லூரி நடத்தும் நிருவாகிகளும் இதைக் கவனிக்க வேண்டும். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை எலும்பு திரளும் காலம். அப்பிள்ளைகள் ஓடியாட, மதில் சூழ்ந்த வெயில் முற்றம் ஒன்று கட்டாயம் வேண்டும். அவர்கள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்.

உன் உடம்புக்கு உன் மீது உரிமையுண்டு என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அந்த உரிமையை நமது பெண்களுக்குக் கொடுப்போம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தீனில் தெளிவையும் உடலில் ஆபியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.